ஃபாஸ்ட்ஏபிஐயின் கோர்ஸ் மிடில்வேர்: வேலை சுத்தம், வாய்தான் திறக்காது

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பைத்தானில் ஏபிஐ எழுதுகிறவர்களுக்கு ஃபாஸ்ட்ஏபிஐ என்ற ஃபிரேம்வொர்க்கோடு வரும் கோர்ஸ்மிடில்வேரே (ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தின் சர்வரிடம் விவரம் வாங்கலாமா என்ற கோர்ஸ் விதிகளை, ரிக்வெஸ்டுக்கும் நம் ஆப்புக்கும் நடுவே நின்று கையாளும் அடுக்கு) போதும், வேறு எதையும் தேடிப் போக வேண்டாம், 5க்கு 4 கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது அது செய்கிற வேலைக்காக இல்லை. நாம் தப்பாக அமைத்தாலும் அது ஒரு வார்த்தை சொல்லாமல் கமுக்கமாக இருக்கிறதே, அதற்காக. கோர்ஸ் பிழை என்று சொல்லி என்னிடம் வருகிற ஸ்கிரீன்ஷாட்டுகளில் பெரும்பாலானவை அந்த மௌனத்திலிருந்துதான் கிளம்புகின்றன, அதனால் இந்த விமர்சனத்திலும் அதற்குத்தான் அதிக இடம்.

பெயருக்கு ஃபாஸ்ட்ஏபிஐ என்று இம்போர்ட் செய்தாலும் சரக்கு அதனுடையது இல்லை. செபாஸ்டியன் ராமிரெஸ் 2018 கடைசியில் வெளியிட்ட ஃபாஸ்ட்ஏபிஐ, டாம் கிறிஸ்டி தொடங்கிய ஸ்டார்லெட் என்ற சின்ன ஃபிரேம்வொர்க்கின் மேல் கட்டப்பட்டது. கோர்ஸ்மிடில்வேர் ஸ்டார்லெட்டில் இருக்கிறது, ஃபாஸ்ட்ஏபிஐ அதை அப்படியே எடுத்துத் தன் பெயரில் நீட்டுகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏதாவது புரியாமல் போய் மூலக் கோடை (சோர்ஸ் கோட்) படிக்க நினைத்தால் ஸ்டார்லெட்டின் ரெப்போவில் தேட வேண்டும். ஒரே கோப்பு, சின்னக் கோப்பு. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் முழுக்கப் படித்துவிடலாம், படிக்கவும் வேண்டும். கீழே நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த ஒரு கோப்பில் கண்ணெதிரே இருக்கிறது.

கோர்ஸ் யாருக்காக என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள், அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1995இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 ஜாவாஸ்கிரிப்டைக் கொண்டுவந்த கையோடு ஒரு தடையும் வந்தது: ஒரு தளத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் இன்னொரு தளத்தின் விவரத்தைப் படிக்கக் கூடாது. தளம் என்று இங்கே சொல்வது ஆரிஜினை, அதாவது ஸ்கீம், ஹோஸ்ட், போர்ட் மூன்றும் சேர்ந்த ஒன்றை. பிரவுசர் பக்கத்து ரியாக்ட் ஆப் 5173ஆம் போர்ட்டிலும், உங்கள் ஏபிஐயை ஓட்டும் யூவிகார்ன் சர்வர் 8000ஆம் போர்ட்டிலும் ஓடினால், இரண்டும் உங்கள் லேப்டாப்பிலேயே இருந்தாலும் பிரவுசருக்கு அவை இரண்டு ஆரிஜின். இந்தத் தடையில் சர்வர் சம்மதித்தால் மட்டும் ஒரு கதவு திறக்கும் ஏற்பாடுதான் கோர்ஸ். 2014 ஜனவரியில் வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி (W3C) அதைப் பரிந்துரையாக வெளியிட்டது, இப்போது அது வாட்டபிள்யூஜி (WHATWG) என்ற இன்னொரு தர அமைப்பின் ஃபெட்ச் தரவரையறைக்குள் இருக்கிறது. கவனிக்க வேண்டியது, தடை போடுவது பிரவுசர், தளர்த்துவது சர்வர். கோர்ஸ் உங்கள் சர்வருக்குப் பாதுகாப்பு கொடுப்பதில்லை, பிரவுசரில் லாகின் செய்து உட்கார்ந்திருக்கும் உங்கள் பயனருக்குத்தான் கொடுக்கிறது. பிரவுசர் இல்லாமல் ரிக்வெஸ்ட் அனுப்பும் கர்ல், போஸ்ட்மேன் மாதிரிக் கருவிகள், இன்னொரு சர்வர், மொபைல் ஆப், இவை எதற்கும் கோர்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. "போஸ்ட்மேனில் வேலை செய்கிறது, பிரவுசரில் செய்யவில்லை" என்பது புதிர் இல்லை, அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, பொருளுக்கு வருவோம். அமைப்பது ஆட் மிடில்வேர் என்ற ஒரே அழைப்பு, அதற்குள் ஏழெட்டு அமைப்புகள். எந்த ஆரிஜின்கள், எந்த மெத்தடுகள் (கெட், போஸ்ட் மாதிரி), எந்த ஹெட்டர்கள் (ரிக்வெஸ்டோடு போகும் குறிப்புகள்), குக்கி அனுமதி உண்டா, எந்தப் பதில் ஹெட்டரை ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாம், ப்ரீஃப்ளைட் (பிரவுசர் முன்கூட்டியே அனுப்பும் விசாரணை) பதிலை எத்தனை நொடி வைத்துக்கொள்ளலாம், ஆரிஜினுக்கு ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்தும் சூத்திரம்) வேண்டுமா, அவ்வளவுதான். எதையும் கொடுக்காமல் சும்மா சேர்த்தால் ஒரு ஆரிஜினும் அனுமதி கிடையாது, மெத்தட் கெட் மட்டும், குக்கி கிடையாது. மூடிய கதவிலிருந்து தொடங்கி நாம் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும் என்ற இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. நோடில் எக்ஸ்பிரஸுக்கான கோர்ஸ் பேக்கேஜை எடுத்துக்கொள்ளுங்கள், சும்மா கூப்பிட்டாலே எல்லா ஆரிஜினுக்கும் ஸ்டார் (*, அதாவது யாராக இருந்தாலும் சரி) போட்டுத் திறந்துவிடும். பொது ஏபிஐக்கு அது வசதி, மற்றவர்களுக்கு அது கவனிக்காமல் திறந்துகிடக்கும் கொல்லைக் கதவு.

ப்ரீஃப்ளைட்டை இது கையாளும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம், இதன் நல்ல பகுதி அதுதான். உங்கள் ஃப்ரண்ட்எண்ட் ஜேசன் உடலோடு ஒரு போஸ்ட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்டென்ட் டைப் ஜேசனாக இருந்தால் அது பழைய எச்டிஎம்எல் ஃபார்ம் அனுப்பக்கூடிய மூன்று வகைகளில் ஒன்று இல்லை, அதனால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் மெத்தடில் ஒரு முன்விசாரணையை அனுப்பும். அதில் ஆரிஜின் ஹெட்டர் இருக்கும், ஆக்சஸ்-கன்ட்ரோல்-ரிக்வெஸ்ட்-மெத்தட் என்று ஒரு ஹெட்டர் இருக்கும், தேவைப்பட்டால் எந்தெந்த ஹெட்டர்களை அனுப்பப்போகிறேன் என்ற பட்டியலும் இருக்கும். மிடில்வேர் இல்லையென்றால் ஃபாஸ்ட்ஏபிஐ இந்த ஆப்ஷன்ஸுக்கு 405 கொடுக்கும், ஏனென்றால் நீங்கள் அந்தப் பாதைக்கு போஸ்ட் மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். மிடில்வேர் இருந்தால் அது ரவுட்டர் (எந்தப் பாதைக்கு எந்தக் கோடு என்று பிரித்து அனுப்பும் பகுதி) வரைக்கும் விடாமல் வாசலிலேயே பதில் சொல்லி அனுப்பிவிடும். எல்லாம் சரியென்றால் 200, உடலில் ஓகே. சரியில்லையென்றால் 400, உடலில் "டிஸ்அலவ்ட் கோர்ஸ்" என்று தொடங்கி எது இடித்தது என்பதையும் எழுதியிருக்கும்: ஆரிஜினா, மெத்தடா, ஹெட்டரா, அல்லது மூன்றுமா.

இது பேசுகிற ஒரே இடம் அது. பிரவுசர் கன்சோலில் இந்த வரி தெரியாது, நெட்வொர்க் டேபில் தேடினாலும் ப்ரீஃப்ளைட்டின் உடல் பெரும்பாலும் காட்டப்படாது. அதனால் கோர்ஸ் பிழை என்றவுடன் நான் செய்யும் முதல் காரியம் கர்லை எடுத்து அதே ஆப்ஷன்ஸை அதே ஆரிஜின் ஹெட்டரோடு கையால் அனுப்பிப் பார்ப்பதுதான். மெத்தட் ஆப்ஷன்ஸ், இரண்டு ஹெட்டர் (ஹெட்டர் பட்டியலையும் சோதிக்க வேண்டுமென்றால் மூன்று), ஒரு யூஆர்எல். "டிஸ்அலவ்ட் கோர்ஸ் ஹெட்டர்ஸ்" என்று வந்தால் ஆதரைசேஷனையோ நீங்கள் புதிதாகச் சேர்த்த எக்ஸ் (X-) என்று தொடங்கும் ஏதோ ஹெட்டரையோ அனுமதிப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று உடனே தெரிந்துவிடும். கன்சோலின் சிவப்பு வரியை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

இனி மௌனத்தின் கதை.

ஆரிஜின் பட்டியலில் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு போட்டுவிட்டீர்கள் என்றால் முடிந்தது. பிரவுசர் அனுப்பும் ஆரிஜினில் கடைசிச் சாய்கோடு ஒருபோதும் இருக்காது, மிடில்வேர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும், இரண்டும் ஒட்டாது. சர்வர் அழகாகத் தொடங்கும், லாகில் ஒரு எச்சரிக்கைகூட இருக்காது, எல்லா ரிக்வெஸ்டும் பிரவுசரில் தடுக்கப்படும். எச்டிடிபிஎஸ் என்பதை விட்டுவிட்டு வெறும் டொமைன் பெயரை எழுதினாலும் இதே கதைதான், டொமைனுக்கு முன்னால் ஸ்டாரும் புள்ளியும் போட்டு எல்லா சப்டொமைனும் வரும் என்று நம்பினாலும் இதே கதைதான். சப்டொமைன் வேண்டுமென்றால் ரெகெக்ஸ் அமைப்பைத்தான் பயன்படுத்த வேண்டும், பட்டியலில் தனியாக நிற்கும் ஸ்டார் தவிர வேறெந்த ஸ்டாருக்கும் இங்கே மரியாதை கிடையாது. இதையே ஜாங்கோ என்ற இன்னொரு பைத்தான் ஃபிரேம்வொர்க்குக்கான ஜாங்கோ கோர்ஸ் ஹெட்டர்ஸ் பேக்கேஜில் செய்து பாருங்கள், ஸ்கீம் இல்லையென்றாலும் பாதை ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஜாங்கோவின் சிஸ்டம் செக் பிழை எண்ணோடு உங்களை நிறுத்திவிடும். ஸ்டார்லெட்டில் அதே சோதனையைச் சேர்க்க நாலு வரி போதும், இன்னும் இல்லாதது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

ரெகெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இது முழு ஆரிஜினோடும் ஒப்பிடுகிறது, பாதி பொருந்தினால் விடாது, அதனால் வாலில் எதையாவது ஒட்டி ஏமாற்ற முடியாது, அது நல்லது. ஆனால் புள்ளிக்கு முன்னால் பின்சாய்கோடு போடாமல் விட்டால் அந்தப் புள்ளி எந்த எழுத்தோடும் பொருந்தும். அதைவிட மோசம், சப்டொமைனுக்கு இடம்விட்டு எழுதும்போது டொமைன் பெயருக்கு முன்னால் இருக்க வேண்டிய புள்ளியை மறந்துவிடுவது. அப்படி எழுதினால் உங்கள் பெயரில் முடிகிற எந்த டொமைனையும், முன்னால் நாலு எழுத்து ஒட்டி யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு உள்ளே வரலாம். ரெகெக்ஸ் எழுதினால் அனுமதிக்கக் கூடாத ஆரிஜின்களுக்கும் சேர்த்து டெஸ்ட் எழுதுங்கள்.

அடுத்தது, எனக்கு இதில் இருக்கிற மிகப் பெரிய மனக்குறை. ஸ்டாரும் குக்கி அனுமதியும் சேர்ந்து வருவது. பிரவுசர் விதிப்படி குக்கியோடு போகும் ரிக்வெஸ்டுக்கு சர்வர் ஸ்டார் என்று பதில் சொன்னால் செல்லாது, ஆரிஜினைப் பெயர் சொல்லித்தான் அனுமதிக்க வேண்டும். அந்த விதி சும்மா வந்ததில்லை. எல்லோருக்கும் கதவு, கூடவே லாகின் செய்தவரின் சாவியும் என்றால் எந்தத் தளமும் உங்கள் பயனரின் தகவலைப் படித்துவிடும், அதைத் தடுக்கத்தான் இந்த விதி. ஸ்டார்லெட் என்ன செய்கிறது? ஸ்டாரும் போட்டு குக்கி அனுமதியும் போட்டால், வந்த ஆரிஜின் எதுவோ அதையே எடுத்து ஹெட்டரில் திருப்பி எழுதிவிடுகிறது. ப்ரீஃப்ளைட்டிலும் அப்படித்தான், குக்கியோடு வரும் நிஜ ரிக்வெஸ்டிலும் அப்படித்தான். பிரவுசர் பார்த்தால் பெயர் சொல்லி அனுமதித்த மாதிரியே இருக்கும், விட்டுவிடும். விதியின் எழுத்து காப்பாற்றப்பட்டது, நோக்கம் போயே போய்விட்டது.

ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 5.3இலிருந்து இதே சேர்க்கைக்கு நேரடியாக எக்செப்ஷன் (ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறிகிறது, தெளிவான செய்தியோடு. அதுதான் முறை. ஃபாஸ்ட்ஏபிஐயின் ஆவணம், குக்கி அனுமதி இருந்தால் ஆரிஜின், மெத்தட், ஹெட்டர் எதிலும் ஸ்டார் போடக் கூடாது என்று எழுதியிருக்கிறது, அது சரியான அறிவுரை. ஆனால் அதே பக்கத்து மாதிரிக் கோடில் குக்கி அனுமதியும் இருக்கிறது, மெத்தடுக்கும் ஹெட்டருக்கும் ஸ்டாரும் இருக்கிறது. மெத்தட் ஸ்டாரை ஸ்டார்லெட் உள்ளுக்குள்ளேயே ஏழு மெத்தட் பெயர்களாக விரித்துவிடும், ஹெட்டர் ஸ்டாருக்குக் கேட்ட ஹெட்டர்களையே திருப்பிச் சொல்லும், அதனால் மாதிரிக் கோடு ஓடத்தான் செய்யும். சிக்கல் எங்கே என்றால், அதை நகல் எடுக்கிறவர் ஆரிஜின் பட்டியலையும் ஸ்டார் ஆக்கிவிடுகிறார். மற்ற இரண்டிலும் ஸ்டார் இருப்பதைப் பார்த்தவருக்கு மூன்றாவதிலும் போடத் தோன்றுவது இயல்பு. அப்புறம் அது புரொடக்‌ஷனுக்குப் போய்விடுகிறது, யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் எல்லாம் வேலை செய்கிறது.

இதனால் எவ்வளவு ஆபத்து என்பது குக்கியின் சேம்சைட் அமைப்பை (வேறு தளத்திலிருந்து போகும் ரிக்வெஸ்டோடு குக்கி போகலாமா என்று சொல்வது) பொறுத்தது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். குரோம் 2020இல் 80ஆம் பதிப்பிலிருந்து சேம்சைட் சொல்லாத குக்கிகளை லாக்ஸ் என்று எடுத்துக்கொள்ளத் தொடங்கியது, அதனால் அந்நியத் தளத்திலிருந்து ஃபெட்ச் செய்தால் குக்கி கூடவே போகாது. ஆனால் ஃப்ரண்ட்எண்ட் ஒரு டொமைனிலும் ஏபிஐ முற்றிலும் வேறொரு டொமைனிலும் இருக்கும் இடங்களில் குக்கியை சேம்சைட் நன் (None, எங்கிருந்தும் போகலாம்) என்றுதான் அமைத்திருப்பார்கள், வேறு வழியில்லை. குக்கி அனுமதி நிஜமாகத் தேவைப்படும் இடமும் அநேகமாக அதுதான். ஆக, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்கள்தான் இந்தப் பொறியில் விழக்கூடியவர்கள். இன்னொன்று, பேரர் டோக்கனை (லாகின் ஆனவர் என்று காட்டும் சீட்டு) ஆதரைசேஷன் ஹெட்டரில் நீங்களே கோடில் வைத்து அனுப்புகிறீர்கள் என்றால் குக்கி அனுமதி அமைப்பே தேவையில்லை. ஆதரைசேஷனை ஹெட்டர் பட்டியலில் சேர்த்தால் போதும். லாகின் இருக்கிறது, அதனால் கிரெடென்ஷியல்ஸ் ட்ரூ (அந்தக் குக்கி அனுமதிதான்) என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி எல்லோரும் போடுகிறார்கள், பாதிப் பேருக்கு அது வேண்டியதே இல்லை.

மூன்றாவது மௌனம் தான் அதிகமானவர்களின் நேரத்தைத் தின்பது. ஏபிஐக்குள் எங்கோ யாரும் பிடித்துக் கையாளாத ஒரு எக்செப்ஷன், சொல்லப்போனால் டிக்‌ஷனரியில் இல்லாத சாவியைக் கேட்டதால் ஒரு கீஎர்ரர். சர்வர் 500 அனுப்புகிறது. பிரவுசரில் என்ன தெரியும்? ஆக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஆரிஜின் ஹெட்டர் இல்லை, கோர்ஸ் கொள்கையால் தடுக்கப்பட்டது, அவ்வளவுதான். ஃப்ரண்ட்எண்ட் நண்பர் "உங்கள் கோர்ஸ் உடைந்துவிட்டது" என்று செய்தி அனுப்புவார். நேற்றுவரை நன்றாக ஓடியது, கோர்ஸ் அமைப்பை யாரும் தொடவில்லை, எல்லோரும் ஆரிஜின் பட்டியலையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குரோம் கன்சோலில் அந்தச் சிவப்பு வரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும், அதில் 500 என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்க யாருக்கும் தோன்றாது, மேல் வரி அவ்வளவு நம்பிக்கையாகப் பேசும்.

காரணம் அடுக்கில் இருக்கிறது. ஸ்டார்லெட் ஒரு ரிக்வெஸ்டை எடுத்துச் செல்லும் வழியில் எல்லாவற்றுக்கும் வெளியே சர்வர்எர்ரர்மிடில்வேர் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதற்குள் நாம் சேர்க்கும் மிடில்வேர்கள், அதற்கும் உள்ளே எக்செப்ஷன்மிடில்வேர், அதற்குள் ரவுட்டர். நீங்கள் எறியும் எச்டிடிபிஎக்செப்ஷன், 404, 401, உள்ளே வரும் தரவைப் பைடான்டிக் சரிபார்க்கும்போது விழும் 422, எல்லாம் உள்ளேயே பதிலாக மாறி நம் கோர்ஸ் வழியாக வெளியே வரும், ஹெட்டர் ஒட்டிக்கொள்ளும். யாரும் பிடிக்காத எக்செப்ஷன் மட்டும் கோர்ஸைத் துளைத்துக்கொண்டு வெளிவட்டம் வரைக்கும் போய் அங்கே 500 ஆகிறது. கோர்ஸுக்கு அந்தப் பதில் கண்ணிலேயே படாது. எக்செப்ஷன் என்ற பொது வகைக்கு நீங்களே ஒரு ஹேண்ட்லர் எழுதினாலும் அதுவும் அந்த வெளிவட்டத்தில்தான் மாட்டப்படும், ஹெட்டர் வராது. இது தெரியாமல் அழகான ஜேசன் பிழைச் செய்தியெல்லாம் எழுதி, அது பிரவுசருக்குப் போய்ச் சேராமல் குழம்பியவர்கள் நிறைய.

தீர்வு எளிது, ஸ்டார்லெட்டின் ஆவணமே இப்போது அதைத்தான் பரிந்துரைக்கிறது: ஆட் மிடில்வேரை விட்டுவிட்டு, முழு ஆப்பையும் கோர்ஸ்மிடில்வேரால் வெளியிலிருந்து சுற்றிவிடுங்கள். ரவுட்டுகள் எல்லாம் சேர்த்து முடித்த பிறகு கடைசியில் ஒரு வரி, ஆப்பை உள்ளே கொடுத்துச் சுற்றி, யூவிகார்னுக்கு அந்தச் சுற்றியதைக் கொடுப்பது. அப்படிச் செய்தால் 500க்கும் ஹெட்டர் வரும், ஃப்ரண்ட்எண்டில் உண்மையான பிழை தெரியும். சுற்றியதற்கும் உள்ளிருக்கும் ஆப்புக்கும் வேறு வேறு பெயர் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிறகு வேறொரு கோப்பிலிருந்து ரவுட் சேர்க்கப் போகும்போது அது கோர்ஸ்மிடில்வேரின் மேல் போய் நிற்கும்.

ஆட் மிடில்வேரிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றால் வரிசையையாவது கவனியுங்கள். கடைசியாகச் சேர்த்தது வெளியே நிற்கும். கோர்ஸை முதலில் சேர்த்துவிட்டு அப்புறம் டோக்கன் சரிபார்க்கும் மிடில்வேரைச் சேர்த்தால், ப்ரீஃப்ளைட் முதலில் அந்தச் சரிபார்ப்பில் போய் முட்டும். ப்ரீஃப்ளைட்டில் குக்கியும் வராது டோக்கனும் வராது, அது விதி. சரிபார்ப்பு 401 சொல்லும், பிரவுசர் அதோடு நிறுத்திவிடும், நிஜ ரிக்வெஸ்ட் போகவே போகாது. ஆகவே கோர்ஸ் கடைசியில். அதைவிட என் சிபாரிசு, லாகின் சரிபார்ப்பை மிடில்வேராக எழுதாமல் ஃபாஸ்ட்ஏபிஐயின் டிபெண்ட்ஸ் (ரவுட் ஓடும் முன் ஓடவேண்டியதைக் குறிக்கும் வசதி) வழியாக ரவுட்டிலேயே வைப்பது. அப்போது ப்ரீஃப்ளைட் அங்கே வரைக்கும் போகவே வாய்ப்பில்லை.

ஆப்புக்கு முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் இருந்தால் இன்னொரு சண்டை. எங்கேயோ பார்த்த கான்ஃபிகில் ஆட் ஹெட்டர் வரி ஒன்றைப் போட்டு அங்கேயும் அலவ் ஆரிஜின் எழுதிவிடுகிறார்கள், ஆப்பும் எழுதுகிறது, பிரவுசருக்கு இரண்டு போகிறது. இரண்டு மதிப்பு வந்தால் பிரவுசர் மொத்தமாக நிராகரிக்கும், இரண்டும் ஒன்றேயாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு இடத்தில் வையுங்கள், நான் ஆப்பில் வைப்பேன். என்ஜின்எக்ஸில்தான் வைக்க வேண்டும் என்றால் ஆல்வேஸ் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் 4xx, 5xx பதில்களுக்கு அந்த ஹெட்டரே போகாது, மறுபடியும் அந்த 500 கதைதான்.

பதில் ஹெட்டர்களைப் படிக்கும் அனுமதி, எக்ஸ்போஸ் ஹெட்டர்ஸ், இதைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கன்டென்ட் டைப், கேஷ் கன்ட்ரோல் மாதிரி ஒரு ஏழு ஹெட்டர்களைத் தவிர மற்றதை ஜாவாஸ்கிரிப்டுக்குப் பிரவுசர் காட்டாது. மொத்தம் எத்தனை பதிவு என்று எக்ஸ் டோட்டல் கவுண்டில் அனுப்புகிறீர்களா, டவுன்லோடுக்குக் கோப்பின் பெயரை கன்டென்ட் டிஸ்போசிஷனில் அனுப்புகிறீர்களா, இந்தப் பட்டியலில் சேர்த்தால்தான் கோடுக்குக் கிடைக்கும். நெட்வொர்க் டேபில் கண்ணுக்குத் தெரியும், கோடில் நல் (null, ஒன்றுமில்லை) என்று வரும், அங்கேதான் குழம்புவார்கள்.

ப்ரீஃப்ளைட் நினைவு 600 நொடி, பத்து நிமிடம், இயல்பு மதிப்பு. நியாயமான எண். உற்சாகத்தில் ஒரு வாரம் என்றெல்லாம் போடுவதில் பயனில்லை, குரோமியம் 7200 நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, ஃபயர்ஃபாக்ஸ் 86400 வரை. இந்த நினைவு யூஆர்எல்லுக்கு ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம், பாதையில் எண் மாறினால் புது ப்ரீஃப்ளைட் போகும். வேகம் முக்கியமான இடத்தில் இது தெரியும், குறிப்பாகத் தூரத்து சர்வரோடு மொபைல் நெட்வொர்க்கில் பேசும்போது.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல ஆசை. ஃப்ரண்ட்எண்டும் ஏபிஐயும் உங்களுடையவை, இரண்டையும் ஒரே டொமைனில் வைக்க முடியும் என்றால் இந்த மிடில்வேரை நிறுவவே வேண்டாம். என்ஜின்எக்ஸில் ஏபிஐ என்ற பாதையை யூவிகார்னுக்குத் திருப்புங்கள், மற்றதை ஸ்டாட்டிக் கோப்புகளுக்கு விடுங்கள். டெவலப்மென்டில் ஃப்ரண்ட்எண்டை ஓட்டும் வைட் (Vite) கருவியின் பிராக்சி அமைப்பு அதே வேலையைச் செய்யும். ஒரே ஆரிஜின், ப்ரீஃப்ளைட் கிடையாது, சேம்சைட் தலைவலி கிடையாது, மேலே சொன்ன எந்தப் பொறியும் கிடையாது. கோர்ஸ் என்பது இரண்டு ஆரிஜின் கட்டாயம் தேவைப்படும்போது மட்டும் வாங்க வேண்டிய சரக்கு. பல டீம்கள் அதை ஒரு சடங்கு மாதிரி முதல் நாளே சேர்த்துவிடுகின்றன.

கட்டாயம் தேவை என்றால் நான் வைக்கும் அமைப்பு இதுதான். ஆரிஜின்களை என்விரான்மென்ட் வேரியபிளிலிருந்து காற்புள்ளியால் பிரித்து எடுப்பேன், ஆப் தொடங்கும்போதே ஒவ்வொன்றையும் சோதித்து, ஸ்கீம் இல்லாவிட்டாலோ கடைசியில் சாய்கோடு இருந்தாலோ ஸ்டார் இருந்தாலோ சர்வரைத் தொடங்கவே விடமாட்டேன். மிடில்வேர் வாய் திறக்காது என்றால் நாம்தான் திறக்க வேண்டும். மெத்தடுகளைப் பெயர் சொல்லி எழுதுவேன், ஹெட்டரில் ஆதரைசேஷனும் கன்டென்ட் டைப்பும், குக்கி லாகின் இருந்தால் மட்டும் கிரெடென்ஷியல்ஸ். நல் (null) என்ற ஆரிஜினை எந்தக் காரணத்துக்காகவும் பட்டியலில் சேர்க்க மாட்டேன், கணினியில் இருக்கும் எச்டிஎம்எல் கோப்பைத் திறந்தாலும் அது வரும், எவரும் சாண்ட்பாக்ஸ் ஐஃப்ரேம் வைத்தும் அதை உண்டாக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் முகவரிகள் புரொடக்‌ஷன் பட்டியலில் இருக்காது.

ஒன்றை நம்பிவிடாதீர்கள், பட்டியலில் இல்லாத ஆரிஜினிலிருந்து வரும் ரிக்வெஸ்டை இது நிறுத்திவிடும் என்று. ப்ரீஃப்ளைட் தேவைப்படாத சாதாரண ஃபார்ம் போஸ்ட் உங்கள் ரவுட் வரைக்கும் வரும், கோடு ஓடும், டேட்டாபேஸில் எழுதும், பிறகு பதிலைப் படிக்க மட்டும் பிரவுசர் விடாது. குக்கி லாகின் இருந்தால் சிஎஸ்ஆர்எஃப் (வேறு தளம் பயனரின் பெயரில் ரிக்வெஸ்ட் அனுப்பும் தாக்குதல்) பாதுகாப்பு தனியாக வேண்டும். அதேபோல வெப்சாக்கெட்டை (பிரவுசரும் சர்வரும் திறந்தே வைத்துப் பேசும் இணைப்பு) இந்த மிடில்வேர் தொடவே தொடாது, எச்டிடிபி அல்லாத எதையும் அப்படியே கடத்திவிடும், அங்கே ஆரிஜினை நீங்களே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

டெஸ்ட் எழுதுவது இதில் சுகமான வேலை, பிரவுசரே தேவையில்லை. ஸ்டார்லெட்டோடு வரும் டெஸ்ட்கிளையன்ட்டை எடுத்து ஆரிஜின் ஹெட்டரோடும் ரிக்வெஸ்ட் மெத்தட் ஹெட்டரோடும் ஒரு ஆப்ஷன்ஸ் அனுப்புங்கள், அனுமதித்த ஆரிஜினுக்கு 200உம் அதே ஆரிஜின் பெயரும் திரும்ப வருகிறதா, அனுமதிக்காததற்கு 400 வருகிறதா என்று பாருங்கள். வேண்டுமென்றே எக்செப்ஷன் எறியும் ஒரு ரவுட்டை டெஸ்டுக்குள் மட்டும் வைத்து அதன் 500இலும் அலவ் ஆரிஜின் இருக்கிறதா என்று சோதியுங்கள். டெஸ்ட்கிளையன்ட் சர்வர் எக்செப்ஷனை இயல்பாக டெஸ்டுக்குள்ளேயே எறிந்துவிடும், ரெய்ஸ் சர்வர் எக்செப்ஷன்ஸ் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால்தான் 500 பதில் கையில் கிடைக்கும். ஸ்டார்லெட்டின் பதிப்பை ஏற்றும் ஒவ்வொரு முறையும் இந்த டெஸ்டுகளை ஓட்டிவிட்டுத்தான் நான் டெப்ளாய் செய்கிறேன்.